மனைவி பெயர் என்ற கட்டம்

அல்சூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகனுக்கு,

இதை நானே எழுதுகிறேன்! கனடா விசாவுக்கு நீ அனுப்பிய தாளில், மனைவி பெயர் என்ற கட்டத்தில் மறைந்த உன் அம்மாவின் பெயர் இருந்தது. எனக்கு எழுத்துக் கற்றுத்தந்தவளைத் தை மாதம் நான் பதிவுத் திருமணம் செய்தது உனக்குத் தெரியும்.

என் பாஸ்போர்ட்டிலும் அம்மா பெயர்தான் இருந்தது; அதை மாற்ற நானும் இவளும் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனோம்.

"அக்கா பேரை எடுக்காதய்யா, புள்ள மனசு நோவும்" என்றாள்.

"ஒரு பேருதான் போட முடியும், அஜ்ஜா" என்று கன்னடத்தில் தாத்தா என்றழைத்துச் சிரித்தார் அங்கிருந்த அதிகாரி.

"அவ சாமியா வீட்ல இருப்பா. ஏரோப்ளேன்ல நீதானே வரப்போறே?" என்று இவளிடம் சொல்லி, இவள் பெயரை என் கையாலேயே எழுதினேன். நேற்றுப் புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது!

இரண்டு பேருக்கு விசா கேள். ஒருவருக்குத்தான் என்றால் கேட்கவே வேண்டாம். பேரனைப் போனிலேயே பார்த்துக்கொள்கிறோம்.

சந்தோஷமாக இருக்கும்,
உன் அப்பா