தெற்குக் குழிக்குப் போன காலுறை

ஆல்டெவியர், ஃப்ரீஸ்லாந்து
14 ஜூலை 1947

கர்த்தருக்குள் அன்பான திருமதி பிர்கின்ஷா அம்மாவுக்கு, நெதர்லாந்திலிருந்து ரின்ஸ்கே ஹூக்ஸ்ட்ரா எழுதுவது. உங்களுக்கும் வீட்டாருக்கும் சமாதானம்.

1944 பிப்ரவரி 20 காலை எங்கள் மேய்ச்சல் நிலத்தில் இருந்தவர்கள்: நான், என் கணவர் ஸீட்ஸே, குழி வெட்டும் டவ்வே, ஜெர்மன் சிப்பாய்கள் இருவர். உடைந்து விழுந்த விமானத்தின் பின்பாதி அருகே உங்கள் தேசத்துப் பிள்ளைகள் இருவர், உயிரில்லாமல். முன்பாதி அடுத்த ஊரில் விழுந்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரில் அங்கே கிடைத்த ஐவருக்கும் பெயர் தெரிந்துவிட்டது. ஆகவே எங்களிடம் இருப்பவர்கள் துப்பாக்கி வீரர்கள் இருவரும்தான். ஒருவர் உங்கள் மகன் லெனார்டு, மற்றவர் திருமதி ட்ரெலோரின் மகன். வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என்று இரண்டு குழிகளில் அடக்கம் செய்தோம்; யார் எந்தக் குழியில் என்பதுதான் தெரியவில்லை.

இருவரும் தூங்குவதுபோல் இருந்தார்கள் என்று எழுதச் சொன்னார், இதை ஆங்கிலத்தில் மாற்றித் தரும் எங்கள் போதகர். நான் அப்படி எழுத மாட்டேன். நெருப்பு பட்டிருந்தது. ஆனால் ஒருவருடைய வலது கால் முழுசாக இருந்தது. பூட்ஸ் கழன்று, கம்பளிக் காலுறை பனியில் நனைந்திருந்தது. ஈரக் காலுறையோடு ஒரு பிள்ளையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதைக் கழற்றிவிட்டு ஸீட்ஸேயின் உலர்ந்த காலுறையைப் போட்டேன். குதிகாலில் ஒரு கொப்புளம்கூட இல்லை அம்மா. அவ்வளவு நன்றாகப் பின்னிய காலுறை.

துவைத்து வைத்திருக்கிறேன். வீட்டுக் கணக்கு நோட்டில் அன்றே எழுதினேன்: வெள்ளை விரிப்பு இரண்டு, ஸீட்ஸேயின் காலுறை ஒன்று, தெற்குக் குழிக்கு. டவ்வே அது வடக்குக் குழி என்று இன்றும் சாதிக்கிறார். அவர் எழுதி வைக்கவில்லை, நான் எழுதி வைத்தேன்.

போன வாரம் கல்லறைக் காரியம் பார்க்கும் உங்கள் அதிகாரி வந்தார். அக்டோபரில் கல் நடுகிறார்களாம். இரண்டிலும் 'பெயர் தெரியாத வான்படை வீரர்' என்றுதான் வரும் என்றார். காலுறையையும் நோட்டையும் காட்டினேன். முதலில் சிரித்தார். நோட்டைப் படித்தபின் சிரிக்கவில்லை. தாயின் சாட்சி பொருந்தினால், செப்டம்பருக்குள் தந்தால், ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

அவர் போனதும் ஸீட்ஸே ஆரம்பித்தார். "ஒத்தக் காலுறைய வச்சு நீ தீர்ப்பு சொல்லப் போறியாக்கும்? ஊர் உலகத்துல அம்மாமாரெல்லாம் ஒரே மாதிரிதானே பின்னுறாங்க."

"உங்க மாடுங்க எல்லாத்துக்கும் நாலு காலுதான். மூடுபனியில நின்னுக்கிட்டு நீங்க ஒவ்வொண்ணையும் பேரு சொல்லிக் கூப்பிடலையா?" என்றேன்.

கூட இருந்த டவ்வேக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மறுநாள் ஸீட்ஸேதான் சைக்கிளில் போய் இந்தத் தாளும் தபால்தலையும் வாங்கி வந்தார்.

நான் கேட்பது இதுதான். நீங்கள் எப்படிப் பின்னுவீர்கள் என்று வார்த்தையில் எழுத வேண்டாம். மொழி மாறும்போது கண்ணி தப்பிவிடும். ஊசியை எடுத்து, உங்கள் மகனுக்குப் பின்னியதுபோலவே ஒரு குதிகால் மட்டும் பின்னி அனுப்புங்கள். நிறம் எதுவானாலும் சரி. வேறு யாராவது பின்னித் தந்திருந்தால் அவர்களைக் கேளுங்கள். என்னிடம் உள்ளது எப்படி என்று நான் சொல்ல மாட்டேன். போதகருக்கும் காட்டவில்லை. நல்ல மனுஷர், இரக்கப்பட்டு உங்களுக்கு எழுதிவிடுவார். திருமதி ட்ரெலோருக்கும் இதே கடிதம், பெயர்கள் மட்டும் மாறி, மற்றபடி ஒரு எழுத்து கூடாமல் குறையாமல், போகிறது.

பொருந்தாவிட்டால் பயப்படாதீர்கள். அது அந்த அம்மாவின் பின்னல் என்று தெரிந்தால், வடக்குக் குழி உங்களுடையது. ஒரே காலுறை இரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் கொடுத்துவிடும். பார்த்தவுடன் எனக்குத் தெரியும். நாற்பது வருடமாகப் பின்னுகிறேன்.

மூன்று வருடமாக ஊசியைத் தொடாமல் இருந்தாலும் இருப்பீர்கள். நான்கூட என் தம்பி போனபின் ஒரு குளிர்காலம் முழுக்கத் தொடவில்லை. கர்த்தர் உங்கள் கைகளைத் திடப்படுத்துவாராக. முடித்ததும் தாமதிக்காமல் தபாலில் போடுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும் அம்மா.

இப்படிக்கு, உங்கள் சகோதரி
ரின்ஸ்கே ஹூக்ஸ்ட்ரா