ஆறாம் வகுப்பில் உங்கள் இரண்டு வருஷம்

கோபப்படவே தெரியாத என் சாந்தி மதினிக்கு, உங்களுக்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டிருக்கும் விஜி எழுதுவது.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது, மதினி. அரசு வேலை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியை. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அம்மா பழனிக்கு முடி காணிக்கை நேர்ந்திருந்தாளாம், இப்போதுதான் சொல்கிறாள். "தபால்ல படிச்சவளுக்கு எவன் வேல குடுப்பான்" என்று பத்து வருஷமாக நக்கல் பண்ணிய பெரியப்பாகூட ஒரு கிலோ அல்வாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் தின்றார்கள். நான் மட்டும் தொடவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த விஷயம் தெரிந்தவர்கள் மொத்தம் நாலு பேர். நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். பள்ளிக்கூடத் தாளாளர் மறந்தே போயிருப்பார். அண்ணன் மறந்த மாதிரி இருக்கிறார். நான் ஒருத்திதான் மிச்சம்.

நினைவிருக்கிறதா, உங்கள் சிபாரிசில்தான் நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். டிகிரியை முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் டிவி பார்த்து உட்கார்ந்திருந்தவளை, "ஏத்தா விஜி, எந்திரிச்சுக் கிளம்பு, வேன்ல ஒரு சீட்டு இருக்கு" என்று இழுத்துக்கொண்டு போனீர்கள். நீங்கள் அங்கே முதலில் ஐந்து வருஷம் நர்சரிப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியிருந்தீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக ஆறாம் வகுப்புக்குத் தமிழ். நான் சேர்ந்து எட்டு மாசம்கூட ஆகவில்லை, தபால் வழி பி.எட். அறிவிப்பு வந்தது.

காலேஜில் சேர்ந்து படிக்க நமக்கு ஏது வசதி? வேலை பார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் திண்டுக்கல்லுக்கு வகுப்புக்குப் போய், கைக்கு அடங்குகிற செலவில் முடித்துவிடலாம் என்றார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஆறாம் வகுப்போ அதற்கு மேலோ இரண்டு வருஷம் பாடம் எடுத்ததாகப் பள்ளிக்கூடம் சான்று தர வேண்டும். நர்சரி வருஷம் கணக்கில் வராது. உங்களிடம் சரியாக இரண்டு வருஷம் இருந்தது. என்னிடம் எட்டு மாசம்.

விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க என் நீலச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனீர்கள். ஸ்டுடியோக்காரர் "சிரிங்கம்மா" என்றதற்கு, "டீச்சர் வேலைக்குப் படிக்கிற போட்டோங்க, சிரிச்சா எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டீர்கள். அந்த ஆளே சிரித்துவிட்டார். கல்யாணப் போட்டோவைத் தவிர்த்து நீங்கள் தனியாக எடுத்துக்கொண்ட போட்டோ அது ஒன்றுதான்.

அப்புறம் அந்தத் தாளாளர் அறை. நீங்கள் நிரப்பிய விண்ணப்பம் மேஜைமேல் இருக்கிறது. அண்ணன் எதற்கு அங்கே வந்தார் என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

"விஜிக்கு மொதல்ல ஆகட்டும் சார். பி.எட். இருந்தா மாப்ள நல்லா அமையும். இவளுக்கென்ன, கல்யாணமும் ஆச்சு, புள்ளையும் ஆச்சு."

தாளாளர் பதிவேட்டைப் புரட்டினார். "தங்கச்சிக்கு ரெண்டு வருஷம் வரலையேப்பா. சரி, ஒண்ணு செய்வோம். ஒரு எடத்துக்கு ரெண்டு பேரக் காட்ட முடியாது. டீச்சரோட ரெண்டு வருஷத்த விஜி பேர்ல எழுதிருவோம். ஒரே வீடுதானே, யாரு பேர்ல இருந்தா என்ன? டீச்சருக்கு அடுத்த தடவ பாத்துக்குவோம்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அந்த மனுஷன் உங்கள் இரண்டு வருஷத்தை அப்படித்தான் எடுத்து எனக்குப் பரிமாறினார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "எழுதிக்கங்க சார்." அம்புட்டுத்தான். விண்ணப்பத்தில் ஒட்டிய போட்டோவை நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்து, பர்ஸுக்குள் வைத்துக்கொண்டீர்கள். ஏன் மதினி? ஏன் அப்படி வாயில்லாப் பூச்சியாக நின்றீர்கள்? ஒரு தரம், ஒரே ஒரு தரம் அந்த மேஜையில் தட்டி, "அது என் வருஷம்" என்று சொல்லியிருந்தால் என்ன? நல்லவள் என்ற பேரை நீங்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் இங்கே கிடந்து வேகிறேன்.

உங்களைக் கேட்கிறேனே, நான் வாயைத் திறந்தேனா? இல்லை. எனக்கு அந்த பி.எட். வேண்டியிருந்தது. உங்களைவிட அதிகமாக வேண்டியிருந்தது என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். சின்னப் புத்தி. வீட்டுக்கு வந்து நீங்கள் வைத்த புளிக்குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளெல்லாம் உங்களை வேன் ஷெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதிவேட்டில் இல்லாத ஆள் வகுப்பில் இருக்கக் கூடாதே! அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, பூட்டிய வேனுக்குள், கட்டுரை நோட்டுகளை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டு இருப்பீர்கள். நீங்கள் வரைந்த சார்ட்டை மாட்டி, நீங்கள் பழக்கிய பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுப்பேன். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போவார். வேன் கதவைத் திறந்துவிட நான் வரும்போது உங்கள் ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருக்கும். "எப்படிப் போச்சு, புள்ளைக நல்லாச் சொல்லுச்சுகளா?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். அந்தக் கேள்விக்காகவே உங்களை அறையலாம் போல இருக்கும் எனக்கு.

இன்னும் ஒரு திருட்டு இருக்கிறது. அது உங்களுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை நீங்கள் வெஞ்சனப் பீரியட் என்பீர்கள். "இன்னைக்கு உங்க வீட்டுல சோத்துக்கு என்ன வெஞ்சனம்? எப்படி வச்சாங்க? பத்து வரி எழுது." மரங்களின் பயன்கள் என்று தலைப்புக் கொடுத்தால் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், கத்தரிக்காய் வதக்கியதையும் கருவாடு தீய்ந்துபோய் அப்பத்தா திட்டியதையும் பக்கம் பக்கமாக எழுதும். பி.எட். கற்பித்தல் பயிற்சியில் என்னைப் பார்வையிட வந்தவர் முன்னால் அதைத்தான் செய்து காட்டினேன். "ரொம்பப் புதுசா இருக்கேம்மா, யாரு யோசனை?" என்றார். "சொந்த யோசனைதான் சார்" என்றேன். அந்தப் பயிற்சியில் என்னைத் தாண்டி யாரும் மார்க் வாங்கவில்லை.

பட்டம் வந்தது. வந்த மாசமே தாளாளர் உங்களைக் கூப்பிட்டு, "இனி பி.எட். இருக்கவங்களத்தான் வைக்கணும்னு சொல்றாங்கம்மா" என்றார். ஆறாம் வகுப்பு எனக்கு. உங்களுக்கு வாசல். நீங்கள் அப்போதும் சண்டை போடவில்லை. சான்று மட்டும் கேட்டீர்கள், வேறு எங்காவது சேர்ந்து, அதே தபால் படிப்பைப் படிக்கலாம் என்று. "எந்த வருஷத்துக்கும்மா குடுக்க? அதெல்லாம் விஜி பேர்ல போயிருச்சே" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன், சாக்பீஸ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு.

அப்புறம் அந்த ஜவுளிக்கடை. காலை பத்து மணியிலிருந்து ராத்திரி வரை நின்றே பார்க்கும் வேலை. பழைய பிள்ளைகளின் அம்மாமார் சேலை எடுக்க வந்து, "மிஸ், நீங்களா?" என்று திகைத்தால், "ஆமாக்கா, இந்தக் கரையப் பாருங்க" என்று அடுத்த சேலையை விரிப்பீர்கள். எட்டு வருஷம். போன ஐப்பசி மழையில் டெங்கு வந்து, சாதாரணக் காய்ச்சல்தான் என்று கசாயம் குடித்துக்கொண்டு இரண்டு நாள் கடைக்கும் போய்விட்டு, ஐந்தாம் நாள் போய்விட்டீர்கள். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அண்ணன் தேடியபோது, உங்கள் பர்ஸிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் நீலச் சேலை, சிரிக்காத முகம், மூலையில் காய்ந்த பசை.

போன மாசம் சான்றிதழ் சரிபார்ப்பு. உங்கள் மகள் காவ்யாதான் என் பைலை மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து, வரிசையாக அடுக்கித் தந்தாள். இந்த வருஷம் பி.ஏ. இரண்டாம் வருஷம், தமிழ்தான். அடுக்கிக்கொண்டே சொல்கிறாள், "எங்கம்மாவுக்குத் தகுதி பத்தலைன்னுதான அத்த அனுப்பிட்டாங்க. நான் பி.எட். முடிக்காம எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளயும் கால் வைக்க மாட்டேன்." அந்த இரண்டு வருஷச் சான்று அப்போது அவள் கையில் இருந்தது. அதை மேலும் கீழுமாகத் தட்டி நேராக்கி, ஒன்பதாவதாக வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரிபார்ப்பு நடந்த இடத்தில் வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பெண். நந்தினி என்று பேர், இருபத்துநாலு வயசு இருக்கும். என் பைலை எட்டிப் பார்த்து, "மிஸ், நீங்க இந்த ஸ்கூலா? நானும் அங்கதான் படிச்சேன்!" என்று குதித்தாள். அப்புறம் சான்றில் இருந்த வருஷத்தைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "இந்த வருஷம்தான் மிஸ் நான் ஆறாப்பு. எங்களுக்குச் சாந்தி மிஸ்தான தமிழ் எடுத்தாங்க?"

"நான் வேற செக்‌ஷன்மா" என்றேன்.

"நம்ம ஸ்கூல்ல அப்ப ஒரே செக்‌ஷன்தானே மிஸ்."

குற்றம் சாட்டவில்லை, பாவம். நிஜமாகவே புரியாமல் கேட்டாள். நான் ஹேண்ட்பேக்கில் எதையோ தேடினேன். அவளே பேச்சை மாற்றிவிட்டாள். "அவங்களாலதான் மிஸ் நான் தமிழ் எடுத்தேன். வெஞ்சனப் பீரியட்னு ஒண்ணு வைப்பாங்க. எங்கம்மா ரசம் வைக்கிறத எழுதினேன்னு கிளாஸ்ல எந்திரிச்சு வாசிக்கச் சொன்னாங்க. அவங்க நம்பர் இருக்கா மிஸ்? வேல கெடச்சா மொதல்ல அவங்ககிட்டதான் சொல்லணும்."

"அவங்க இல்லம்மா. போன வருஷம் தவறிட்டாங்க" என்றேன். அந்தப் பிள்ளை வரிசையில் நின்றபடியே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உங்களுக்காக அப்படி நான் இன்னும் அழவில்லை, மதினி.

என் முறை வந்தது. சரிபார்க்க உட்கார்ந்திருந்த அதிகாரியம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து டிக் அடித்தார். ஒன்பதாவது தாள் வந்ததும், "அனுபவச் சான்றா? இதுக்கு இது தேவையில்லம்மா, எடுத்து உள்ள வைங்க" என்று என் பக்கம் தள்ளினார். ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பி.எட். வாசலை ஒரு தரம் திறக்க மட்டும்தான் அது தேவைப்பட்டது. அதற்குத்தான் உங்களைப் பிடித்து வெளியே தள்ளினோம்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்கு முதல் வருஷம். அண்ணன் நினைவஞ்சலிப் போஸ்டர் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார். அதே படம். கீழே உங்கள் பேரும் அண்ணன் பேரும், அவ்வளவுதான்.

"பேருக்குக் கீழ தமிழாசிரியைனு போடுண்ணே" என்றேன்.

"அவ எங்க டீச்சரா இருந்தா? கடைசி வரைக்கும் ஜவுளிக்கடையிலதான நின்னா. நாலு பேரு சிரிப்பான் விஜி. எதுல இருக்கு ஆதாரம்?"

"எங்கிட்ட இருக்குண்ணே. என் பைல்ல ஒன்பதாவதா இருக்கு."

அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மறந்த மாதிரி இருந்தவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "வேணாம்த்தா. வேலையில சேரப்போற நேரம். எவனாவது ஒரு மனு எழுதிப் போட்டா டிகிரியே செல்லாதும்பான். செத்தவளுக்கு இனி என்ன வேணும்? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார். பயந்துதான் சொன்னார். அன்றைக்கு ராத்திரிதான் என் வீட்டுக்காரரிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன், அவரும் அதையேதான் சொன்னார். எனக்கும் பயம்தான். பத்து வருஷம் காத்திருந்து வாங்கிய வேலை, மதினி. விளையாட்டா?

ஆனாலும் நேற்று அச்சகத்துக்கு நானே போய் மாற்றிக் கொடுத்துவிட்டேன். உங்கள் பேருக்குக் கீழே தமிழாசிரியை, ஆறாம் வகுப்பு. அதற்கும் கீழே பள்ளிக்கூடத்தின் பேர். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்பதையும் போடச் சொன்னேன். "போஸ்டர்ல அதெல்லாம் யாரும் போட மாட்டாங்களேக்கா" என்றார் அச்சகக்காரர். "நான் போடுறேன், அடிங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்குள், பள்ளிக்கூட வாசலுக்கு எதிர்ச்சுவரில் முதல் போஸ்டரை என் கையால் பசை தடவி ஒட்டுவேன். அடுத்ததைக் கொண்டுபோய்க் காவ்யாவிடம் கொடுப்பேன். மூன்று தரம் ஜெராக்ஸ் எடுத்தவள் அவள். பார்த்ததும் கேட்பாள், "அத்த, இது உங்க வருஷமாச்சே?"

"இல்லடி, உங்கம்மாவோடது" என்று சொல்வேன். அதற்கு மேல் என்ன கேட்டாலும் ஒன்றையும் மறைக்க மாட்டேன். அத்தை என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தினாலும் சரி, திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லாமல் போனாலும் சரி. இது உங்கள் மேல் சத்தியம், மதினி.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு வருஷத்தை வெள்ளிக்கிழமை வரை தன் பேரில் வைத்திருக்கும் உங்கள் நாத்தனார்,
விஜி