தகட்டில் இருப்பது உன் ஜீப்பின் எண் அல்ல

என் அருமைச் சுந்தரா,

உன் ஜீப்பில் வேறொரு வண்டியின் சேஸிஸ் எண் பொறித்த தகட்டை வைத்து ரிவெட் அடித்துவிட்டார்கள். அந்தப் பொய் எண்ணை விண்ணப்பத்தில் எழுதி, பழங்கால வாகனமாகப் பதிவு செய்யச் சொல்லி அனுப்பியும் விட்டார்கள். செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் உன் பழைய வாகனச் சங்கத்தின் செயலாளர். இன்னொருவன் உன் மகன் கார்த்திக். விண்ணப்பத்தின் அடியில் இருப்பது என் கையெழுத்து. ஆகவே நான் மூன்றாவது ஆள்.

புதன்கிழமை ஆய்வாளர் வருகிறார். இன்று சனிக்கிழமை. இந்தக் கடிதத்தை உன் சங்கத்தின் வாட்ஸப் குழுவிலேயே போடப் போகிறேன். உனக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும். ஒளித்து வைத்துப் பேசுகிற வயதா எனக்கு?

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அடையாறு வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்த ஜீப்பை, "அப்பா ஆசையை முடிச்சு வைக்கிறேன் அத்தை" என்று சொல்லிக் கார்த்திக் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனான். எனக்கும் சந்தோஷம்தான். இத்தனை வருஷமாக அது கேட்டைத் தாண்டியதில்லையே. பதிவு இல்லாத வண்டியை வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டி, திரும்பவும் பின்னால் எடுத்து நிறுத்துவாயே, ஞாயிறு தோறும். அது மெயின் ரோட்டுக்கு வரட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ராணுவ ஏலத்தில் நீ அதை எடுத்தது என் பெயரில். அரசாங்க வேலையில் இருந்துகொண்டு வண்டி வாங்கினால் ஆயிரம் கேள்வி வரும் என்று பயந்தாய். அதனால் கார்த்திக் என் மந்தைவெளி வீட்டுக்கு விண்ணப்பத்தோடு வந்தான். சேஸிஸ் எண் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

"நம்பர் எங்கடா?"

"அதை அப்புறம் எழுதிக்கிறோம் அத்தை. செயலாளர் சார் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டார். நீங்க இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடுங்க."

தி.நகரில் முப்பது வருஷம் தையல் கடை நடத்தியவள் நான். அளவு எழுதாத சீட்டை வைத்து ஒரு ஜாக்கெட் கூட வெட்டியதில்லை. அன்று மட்டும் எண் எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டேன். உன் பிள்ளை கேட்டான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அதை ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை அவன் ஒரு போட்டோ அனுப்பினான். முன் பம்பருக்குப் பின்னால், சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கத்தில், பளபளவென்று ஒரு தகடு. நாலு மூலையிலும் நாலு ரிவெட். "நம்பர் கிடைச்சிடுச்சு அத்தை!" என்று கீழே ஒரு வரி. பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலகப் போரின்போது ஒரே மாதிரி ஜீப்பை இரண்டு கம்பெனிகள் செய்தன. முதல் கம்பெனி, எண்ணைத் தகட்டில் பொறித்து பம்பருக்குப் பின்னால் ரிவெட் அடித்தது. இரண்டாவது கம்பெனி தகடே வைக்கவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில், சேஸிஸின் மேல்முகத்தில், இரும்பிலேயே எண்ணை அடித்துப் பதித்தது. அதோடு நிற்காமல், தன் பெயரின் முதல் எழுத்தை ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பொறித்து வைத்தது.

உன் ஜீப்பின் போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்தவள் நான். செய்தித்தாள் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முக்கால்வாசியில் அந்த எழுத்து இருந்தது. உன் பாகங்கள் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். படித்துவிட்டு, "இது முதல் கம்பெனி வண்டி இல்லைடா, இரண்டாவது கம்பெனி வண்டி" என்று சொன்னேன். நீ என்ன சொன்னாய்?

"போல்ட்டை வச்சு வண்டிக்கு ஜாதகம் எழுதாதே அக்கா. பழைய வண்டின்னா எவன் எவனோ எதை எதையோ மாட்டியிருப்பான்."

"சரி, தகடு விழுந்துபோச்சுன்னா ரிவெட் ஓட்டை எங்கே?"

"எவனாவது வெல்டு வச்சு அடைச்சிருப்பான்."

"சேஸிஸ் மேலே கொஞ்சம் சுரண்டிப் பார்த்துடலாமே."

"அந்த பெயிண்ட்ல கை வச்சே, அப்புறம் நீ இந்த வீட்டுப் பக்கம் வராதே."

ராணுவம் அடித்த ஒவ்வொரு பெயிண்ட் பூச்சும் உனக்கு ஒரு பொக்கிஷம். பிளேடு படக்கூடாது. ஏலத்தில் கொடுத்த பேப்பரில் ஒரு எண் இருந்தது. வண்டியில் நீ தேடிய இடத்தில் அது இல்லை. அதனால் ராணுவத்துக் குமாஸ்தா தப்பாக எழுதிவிட்டான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாய். போனில் நாம் கடைசியாகப் பேசியதும் இதைத்தான். நீ பாதியில் வைத்தாய். நான் திரும்பக் கூப்பிடவில்லை. பத்தாம் நாள் உன் மாரடைப்புச் செய்தி வந்தது.

போட்டோவைப் பார்த்த மறுநாள் காலை ஆட்டோ பிடித்து ஈக்காட்டுத்தாங்கல் போனேன். மெக்கானிக் எத்திராஜ் என்னைப் பார்த்ததும் ஸ்டூல் எடுத்துப் போட்டார். உன் ஜீப் மேலெல்லாம் பச்சை மினுமினுக்க நின்றது. ராணுவ வண்டி அப்படி மினுங்குமா சுந்தரா? கல்யாணக் கார் மாதிரி இருந்தது.

"போல்ட்டெல்லாம் எங்கே?"

"பழசாம்மா? துரு புடிச்சி கெடந்துச்சு. எல்லாம் புச்சு மாட்டிட்டேன். அதோ அந்த டப்பால கீது பாரு. இன்னும் காயலான் கடைக்குப் போடல."

பெயிண்ட் டப்பாவில் நம் போல்ட்டுகள். ஒன்றை எடுத்துத் தேய்த்தேன். எழுத்து தெரிந்தது. தகட்டைக் காட்டிக் கேட்டேன்.

"இதுக்கு ஓட்டை முன்னாடியே இருந்துச்சா?"

"இன்னாம்மா இப்டி கேக்கற? நான்தான் ட்ரில் போட்டேன். சங்கத்து சார் தகடு குட்த்தாரு, இங்க அடின்னாரு, அட்ச்சேன்."

"முன்னாடி அடைச்ச ஓட்டை எதாவது? வெல்டு வச்ச தடம்?"

"ஒண்ணும் இல்லம்மா. மொழுமொழுன்னு இருந்துச்சு. முப்பது வருசமா இரும்புல கீறேன், எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னது புரிகிறதா? அங்கே தகடு இருந்ததே இல்லை.

சேஸிஸில் பழைய பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே கறுப்பு அடித்திருந்தார்கள். அவர்களுடைய சோம்பேறித்தனம்தான் உன் வண்டியைக் காப்பாற்றியது. பெயிண்ட் எடுக்கிற திரவம் கேட்டேன். "குடும்மா, நான் பண்றேன்" என்றார் எத்திராஜ். நான் கொடுக்கவில்லை. பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கு இடப்பக்கம் குனிந்து, நானே தடவினேன். கறுப்பு போனது. அடியில் பச்சை. அதற்கடியில் மண் நிறம். அதற்கடியில் இன்னொரு பச்சை. நீ காத்த பூச்சுகளைத்தான் கரைத்துக்கொண்டிருந்தேன். என் ஊகம் தப்பாக இருந்தால் உன் பொக்கிஷத்தையும் கெடுத்து, உன் பேச்சையும் மீறியவளாவேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

முதலில் ஒரு கோடு தெரிந்தது. துணியால் துடைத்ததும் ஏழு. பக்கத்தில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் நான்கு. ஏலப் பேப்பரின் கடைசி மூன்று இலக்கங்கள் அவை. மீதியையும் திறந்தேன். பேப்பரைக் கைப்பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்று கூட மாறவில்லை.

"இன்னாம்மா, லாட்டரி அட்ச்ச மாதிரி நிக்கற?" என்றார் எத்திராஜ். அழுதேன் என்று எழுத மாட்டேன். உன்னைத் திட்டினேன்.

போன் செய்ததும் கார்த்திக் பெருங்குடி ஆபீசிலிருந்து ஓடிவந்தான். செயலாளரும் வந்தார். எண்ணைக் காட்டினேன். இருவரும் பார்த்தார்கள். கார்த்திக் முகத்தில் ஒரு கணம் உன் சிரிப்பு வந்தது. செயலாளர் தொண்டையைக் கனைத்ததும் அது போய்விட்டது.

"நல்ல விஷயம் மேடம். சங்கத்துக்கே பெருமை. ஆனா இப்ப இதைத் தொட வேண்டாம். திரும்பவும் பெயிண்ட் அடிச்சு மூடிடலாம்."

"மூடிட்டு?"

"தகட்டு நம்பர்ல ஆய்வு முடியட்டும். ஆய்வாளர் தகட்டு மேல பேப்பர் வச்சு பென்சில்ல தேய்ச்சு அச்சு எடுப்பார், போயிடுவார். எல்லாரும் பண்றதுதான் மேடம். என் மேஜை டிராயர்ல இன்னும் ஏழெட்டு தகடு இருக்கு."

பெருமையாகச் சொன்னார். உடைத்துப்போட்ட வண்டிகளின் தகடுகள். தகடு இல்லாத வண்டி வந்தால் ஒன்றை எடுத்துத் தருவாராம். ஒரு செத்த வண்டியின் பெயரை உயிரோடு இருக்கிற வண்டிக்கு வைக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. வண்டி ரோட்டில் ஓட வேண்டும் என்ற ஆசையில் கண் மறைந்துபோனவர். உனக்கும் ஓரளவு அது உண்டு.

கார்த்திக் என்னைத் தனியாகக் கூட்டிப்போனான்.

"அத்தை, ஏலப் பேப்பர் தொலைஞ்சு போச்சுன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"என் பீரோவில பத்திரமா இருந்த பேப்பரையா?"

"அதுல இருக்கிற நம்பர் தப்புன்னு அப்பாவே சொல்வாரே! தப்பான பேப்பரைக் காட்டினா சிக்கல்னு சார் சொன்னார். இப்ப போய் மாத்திச் சொன்னா வண்டியைப் பறிமுதல் பண்ணிடுவாங்க. என் மேல கேஸ் வரும். உங்க மேலயும் வரும். அப்பா ஆசைப்பட்டது வண்டி ஓடணும்னுதானே? விட்டுடுங்களேன் அத்தை."

அவன் சொன்னதில் பாதி உண்மை. வண்டி போய்விடலாம். ஆய்வாளர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. உன் பிள்ளையைச் சிக்கலில் மாட்டிவிட எனக்கு என்ன உரிமை என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவன் உன் வார்த்தையை நம்பித்தானே அந்தப் பொய்யை எழுதினான்? அந்தத் தப்பில் உன் பங்கு எவ்வளவு, சுந்தரா?

ஆனால் அந்தக் கறுப்பு பெயிண்டைத் திரும்ப அடிக்க நான் விடமாட்டேன். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கார்த்திக் ஆட்டோ வரைக்கும் வந்து, பக்கத்தில் நின்றான். "அப்பா மாதிரியே பிடிவாதம்" என்றான். தப்பு. உனக்கு அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை செயலாளர் தன் கையால் அந்த நாலு ரிவெட்டையும் எடுக்க வேண்டும். தகட்டை மட்டுமல்ல, டிராயரில் இருக்கிற மற்ற தகடுகளையும் ஆய்வாளரிடம் ஒப்படைக்க வேண்டும். இதுவரை எந்தெந்த வண்டிக்குக் கொடுத்தார் என்பதையும் எழுதித் தர வேண்டும். கார்த்திக், ஏலப் பேப்பர் கிடைத்துவிட்டது, விண்ணப்பத்தில் எழுதிய எண் தவறு என்று ஒப்புக்கொண்டு பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும். அவன் தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன். காலி கட்டத்தின் கீழ் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று நானே சொல்வேன். எத்திராஜ், டப்பாவில் இருக்கும் போல்ட்டுகளை ஒன்று விடாமல் திரும்ப மாட்ட வேண்டும். துரு இருக்கட்டும். தான் போட்ட ஓட்டைகளை அடைக்காமல் விட வேண்டும், அவை சாட்சி. ஆய்வாளர், பென்சிலைத் தகட்டில் வைக்காமல் சேஸிஸின் மேல்முகத்தில் வைத்துத் தேய்க்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அந்தக் குமாஸ்தா சரியாகத்தான் எழுதியிருந்தார் என்று ஒப்புக்கொள். நான் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டாம். அவர் எழுதியதை ஒப்புக்கொண்டால் போதும்.

புதன்கிழமை ஆய்வாளருக்கு முன்னால் நான் பட்டறையில் இருப்பேன். கையில் ஏலப் பேப்பரும் பென்சிலும் இருக்கும். வண்டியை ரோட்டுக்கு விட்டாலும் சரி, இழுத்துக்கொண்டு போனாலும் சரி, அது தன் சொந்த எண்ணோடுதான் போகும். இது என் வாக்கு.

போனைத் திரும்ப எடுத்துக் கூப்பிடாத,
உன் அக்கா
கமலா