மூன்று தட்டு, ஒரு தாழ்ப்பாள்

நாள் 212. நிலையக் கடிகாரம் காலை 6.10

காற்றழுத்தம் சரி. நீர்க் கொதிகலன் சரி. வெளியே வெயில். நிலவின் தென்முனையில் இந்த மேட்டின் மேல் சூரியன் மறைவதே இல்லை. அடிவானத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கும். தூங்கும் நேரம் எது என்பதைக் கடிகாரம்தான் சொல்ல வேண்டும்.

இதை எடுத்துப் படிப்பவருக்கு என்னைத் தெரிந்திருக்காது. பெயர் தில்லைநாயகி. வயது அறுபத்து மூன்று. பாளையங்கோட்டையில் முப்பத்தோராண்டு இயற்பியல் ஆசிரியை. இங்கே கதவுக் காவல் என் பொறுப்பு. மகள் அல்லி நீர் ஆலையைப் பார்க்கிறாள். அவள் கணவர் செண்பகராமன் வண்டியில் வெயிலே படாத நிழல் பள்ளத்துக்குப் போய்ப் பனிக்கட்டி வெட்டி வருகிறார். குடும்பமாக அனுப்பினால் யாருக்கும் மனம் தளராது என்று எங்களை அனுப்பிய நிறுவனம் நம்பியது.

என் தூக்க நேரம் பிற்பகல் இரண்டு முதல் எட்டு. மாப்பிள்ளை இரண்டரை வாக்கில் திரும்புவார். மாமியார் இருக்கும் வீட்டுக்குள் ஓசை கொடுக்காமல் நுழைவது அவர் வழக்கமில்லை. ஊரிலும் அப்படித்தான். வெளிக்கதவில் சுத்தியல் பிடியால் மூன்று தட்டு. பிறகு மோட்டார் தாழ்ப்பாளைப் போடும் 'கடக்' சத்தம். வெளியே காற்றில்லை என்றாலும் இரும்புக்குள் ஒலி நன்றாகவே ஓடும். தண்டவாளத்தில் காது வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவர் வழியாக அது என் கட்டிலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குக் கண் மூடும். அல்லி கல்லூரியில் படித்தபோது அவளுடைய ஸ்கூட்டர் சத்தத்துக்கும் இப்படித்தான் படுத்துக் கிடப்பேன்.

நாள் 219. பகல் 1.30

மாப்பிள்ளை இன்னும் ஓர் ஆண்டு இங்கே இருக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அல்லியிடம் கேட்கவில்லை. ஐந்து நாளாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. என் வழியாகத்தான் பேச்சு. இன்றைய வானொலிப் பதிவிலிருந்து:

அல்லி, ஆலையிலிருந்து: "அம்மா, வண்டிக்காரர்ட்ட சொல்லு, நேத்து கொண்டாந்த கட்டியில பாதி மண்ணு."

செண்பகராமன், வண்டியிலிருந்து: "அத்தை, ஒங்க மகட்ட சொல்லுங்க, பள்ளத்துல கெடக்கதத்தான் வெட்ட முடியும். அவ ஃப்ரிட்ஜுல ஐஸ் வச்சிருந்தா சொல்லச் சொல்லுங்க, அத எடுத்துட்டு வாரேன்."

அல்லி: "இன்னும் ஒரு வருசம் இருக்கப் போறாருல்லா, சாவகாசமா சலிச்சு எடுத்துட்டு வரட்டும்."

மூவரும் ஒரே அலைவரிசையில்தான் இருக்கிறோம். ஆனாலும் ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொன்னேன். சொல்லாவிட்டால் இருவரும் என் மேல் பாய்கிறார்கள்.

தூக்கம் இரண்டு மணி நேரம். பாலுக்கு உறை ஊற்றிவிட்டுப் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் தயிர் உறையாது. என் மண்டையை யாரோ ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

நாள் 226. மாலை 5.20

மாப்பிள்ளை வேண்டுமென்றே தாமதிக்கிறார். நான்கு மணி, ஐந்து மணி. உள்ளே வந்தால் அல்லியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் வரும்வரை நானும் விழித்திருக்கிறேன். வானொலியில் கூப்பிட்டேன். கிடைத்த பதில்:

"அத்தை, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா இருக்கியளா இருக்கியளான்னு கேட்டா, நான் வண்டிய ஓட்டவா, ஒங்களுக்குப் பதில் சொல்லவா? செத்தா நானே சொல்லி அனுப்புதேன்."

பிறகு அல்லி: "ஒனக்குத் தூக்கம் வரலன்னா எங்க உசுர ஏன் வாங்குத?"

இன்று காற்றுக் குழாயின் தவறான வால்வை மூடிவிட்டேன். பதினோரு நிமிடம். அல்லி வந்து திறந்தாள். அந்த வால்வில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாள் 238. இரவு 8.05

ஒன்பது நாளாக நல்ல தூக்கம். மாப்பிள்ளை திருந்திவிட்டார். தினமும் சரியாக 2.40க்கு மூன்று தட்டு, பிறகு கடக். சில சமயம் அறைக்கு அறை பேசும் சுவர்ப் பெட்டியில் அல்லியின் குரலும் வரும்: "அவரு வந்துட்டாரும்மா, தூங்கு." நான் எழும்போது அவர் தன் அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். நேரம் தவறாமை ஒரு மனிதரை எப்படி மாற்றுகிறது என்பதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

நாள் 239. இரவு 8.40

இன்றும் 2.40க்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டுத் தூங்கினேன். எழுந்து வானொலிப் பதிவைப் பார்த்தேன். 3.05 முதல் 6.30 வரை பதினோரு அழைப்புகள். எல்லாம் மாப்பிள்ளையின் குரல்.

"அத்தை, சக்கரம் புதைஞ்சிட்டு. அல்லிய அனுப்புங்க. அத்தை, கேக்குதா? நீங்க முழிச்சிருப்பியன்னுதான் ஒங்களக் கூப்புடுதேன்."

அல்லி ஆலைக்குள் இருந்தாள். அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது. நான்கு கிலோமீட்டர் அவரே நடந்து வந்திருக்கிறார். ஏழு மணிக்கு உள்ளே வந்தபோது அவர் உடையில் ஒன்பது நிமிடக் காற்று மிச்சம்.

அப்படியானால் 2.40க்கு வந்தது யார்?

சுவர்ப் பெட்டியில் அல்லி: "நான்தான். அந்தச் சத்தத்தப் பதிவு பண்ணி ஒன் கட்டிலுக்கு மேல இருக்க ஸ்பீக்கர்ல போட்டேன். நீ தூங்கலன்னா அடுத்த தடவ எந்த வால்வ மூடுவியோ. எனக்கு வேற வழி தெரியலம்மா. அழிச்சுட்டேன், போதுமா?"

அதற்கு மாப்பிள்ளை: "அத்தை, ஒங்க மகட்ட சொல்லுங்க. ஆள வெளிய போட்டுட்டு, உள்ள வந்த மாதிரி சத்தம் குடுக்கதுக்கு நல்லாத்தான் படிச்சிருக்கா."

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை.

நாள் 243. பகல் 11.00

கதவு மோட்டார் நின்றுவிட்டது. தூசி. வெளியே ஆள் நிற்பதைக் காட்டும் விளக்கும் எரியவில்லை. இனி வெளியிலிருந்து திறக்க வழியில்லை. உள்ளே இருப்பவர் கைச்சக்கரத்தைப் பதினான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். புதைந்த வண்டியை மறுநாளே மாப்பிள்ளை தோண்டி எடுத்து வந்துவிட்டார். தண்ணீர் மூன்று நாளைக்குத்தான் இருக்கிறது, அதனால் மாப்பிள்ளை போகாமல் இருக்க முடியாது. கதவை மூடித் திறப்பது என் கையில்.

நேற்றும் இன்றும் தூக்கமே இல்லை. தட்டும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். யாருமில்லை. வெயில் பட்டு இரும்பு விரியும்போது டிக் டிக் என்று சத்தம் வரும், அது எனக்குத் தெரியும். ஆனால் டிக் டிக்குக்கு எண்ணத் தெரியாது. எனக்குக் கேட்பது மூன்று.

கட்டிலுக்கு மேலிருக்கும் ஒலிபெருக்கியைக் கழற்றப் பார்த்தேன். நான்கு திருகாணி. திருப்புளி வழுக்கிக்கொண்டே இருக்கிறது. அழித்துவிட்டேன் என்கிறாள்.

நாள் 244. காலை 8.10

வண்டி மறுபடியும் புதைந்துவிட்டது, முன்பு புதைந்த அதே இடத்தில். அல்லி கயிறும் உபரிக் காற்று உருளைகளும் எடுத்துக்கொண்டு நடந்து போகிறாள். இருவருக்கும் மாலை நான்கு மணி வரை காற்று. வாசலில் நின்று பேசினாள்:

"அம்மா, ரேடியோ செட்ட அணைக்காத. தூங்கிராத. பதிவ அழிச்சாச்சு, சத்தியமா. இனி தட்டுக் கேட்டா அது நாங்கதான்."

அந்த நாட்களிலும் இதே குரலில்தான், அவரு வந்துட்டாரும்மா, தூங்கு என்று சொன்னாள்.

பகல் 12.15

வானொலியில்:

"எங்க நிக்கிய? லைட்ட ஆட்டுங்க."

"இங்கனதான்ட்டி. பாத்து வா, எடப்பக்கம் பள்ளம். கைய நீட்டு."

"இந்தக் கூத்துக்குத்தான் இன்னும் ஒரு வருசமா?"

"வீட்டுக்குப் போயி ஏசு. இப்ப இழு."

என்னை நடுவில் வைக்காமல் பேசிக்கொண்டார்கள். முப்பது நாளில் இதுதான் முதல் முறை. கேட்டதும் என் தோள் இரண்டும் தானாக இறங்கின. கண் எரிகிறது.

பகல் 1.35

வண்டி அசையவில்லையாம். விட்டுவிட்டு நடந்து வருகிறார்கள். மேட்டுக்குப் பின்னால் போனதும் வானொலியில் வெறும் இரைச்சல். மண்டைக்குள் துளை போடுகிறது. ஐந்து நிமிடம் அணைத்து வைக்கிறேன்.

பிற்பகல் 2.20

நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். தட்டுச் சத்தம் கேட்டு ஓடினேன். யாருமில்லை. இன்று காலையிலிருந்து ஆறு முறை ஓடியிருக்கிறேன். ஆறு முறையும் வெறும் வெயில். முட்டி மடங்க மறுக்கிறது. சற்றுப் படுத்துக்கொண்டு கேட்கிறேன். சுவர் வழியாக எல்லாம் வரும்.

பிற்பகல் 2.41

மூன்று தட்டு.

என் கைக்கடிகாரம் ஒரு நிமிடம் முந்தி ஓடும். ஆக 2.40. அவள் அழிக்கவே இல்லை.

ஒரு வருடம் எங்கள் பள்ளியில் மணி அடிப்பவர் கடிகாரத்தைத் தவறாகப் பார்த்து அடித்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் வாரம் பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாடத்தைக் கவனித்தார்கள். அறிவுள்ள பிள்ளைகள். நானும் எழவில்லை.

தட்டுக்குப் பிறகு கடக் வர வேண்டும். வரவில்லை.

பிற்பகல் 2.58

மறுபடி மூன்று. மறுபடி மூன்று. தாழ்ப்பாள் சத்தம் மட்டும் இல்லை. பதிவு அந்த இடத்தில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது. பழைய ஒலிநாடா இப்படித்தான் செய்யும். வானொலி மேசைமேல் இருக்கிறது. பத்தடி. அப்புறம் போடுகிறேன்.

பிற்பகல் 3.20

இப்போது எண்ணிக்கை இல்லை. வேகமாக. இரண்டு கை தட்டுவதுபோல. என்னைத் தூங்க வைக்க ஒரு பதிவு, தூங்க விடாமல் செய்ய இன்னொரு பதிவா அல்லி. எதற்கு இவ்வளவு கோபம். நீ கல்லூரியிலிருந்து வரும்வரை நான் படுத்ததுண்டா

பிற்பகல் 3.44

ஒன்று.

வெகுநேரம் கழித்து ஒன்று.

மாலை 4.05

சத்தம் நின்றுவிட்டது. நான்தான் அவளைச் சந்தேகப்பட்டேன். உண்மையாகவே அழித்துவிட்டிருக்கிறாள். எவ்வளவு அமைதி.

கண்ணை மூடுகிறேன். அவர்கள் வந்து தட்டினால் எழுந்துகொள்வேன்.