லைவ்ல உங்கம்மாவைப் பாத்தேன்

நகரி,
29.12.2025, திங்கக்கிழமை.

அன்புள்ள மகள் கீர்த்திக்கு உன் நைனா திருமலை எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், குளிர் வந்ததுல இருந்து அவளுக்கு முட்டி வலி மட்டும் கொஞ்சம் அதிகம். அங்க தோஹாவுல நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமான்னு மூணு வருஷம் கழிச்சு கேக்க இவனுக்கு என்ன முகம் இருக்குதுன்னு நீ நினைக்கலாம், இருந்தாலும் கேக்கறேன். நீ தெலுங்கு மீடியம் படிச்சவ, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்ப, அவசரப்படாம படி. ரெண்டு தறில ஒண்ணு மோட்டார் போய் நிக்குது, புத்தூர்ல ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன், அதனால எழுத நேரம் கெடச்சுது. நான் எழுதறது உங்கம்மாவுக்குத் தெரியாது.

இந்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை அவ வடமாலபேட்டைக்கு மனோரமா பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்னு காலைலயே கிளம்பினா. நவம்பர்லயும் ரெண்டு வாட்டி போனா, அக்கா தங்கச்சி பாத்துக்கறாங்கன்னு நான் விட்டுட்டேன். அன்னிக்கு சாயந்தரம் பக்கத்து வீட்டு முனிசாமி போனை என் மூஞ்சிகிட்ட நீட்டி இது நம்ம அண்ணிதானேன்னு கேட்டான். பாத்தா வடமாலபேட்டை சர்ச்சு, உன் வீட்டுக்காரர் ஊரு சர்ச்சு, பேஸ்புக்ல போட்டிருக்காங்க, மூணாவது வரிசைல பிளாஸ்டிக் நாற்காலில பச்சை புடவையோட முக்காடு போட்டுகினு உங்கம்மா உக்காந்திருக்கா. உனக்கு எப்படிடா வந்துச்சுன்னா தானா வந்துச்சு அண்ணாங்கறான். தானா எப்படி வரும், எனக்கு இன்னிக்கும் அவன்மேல சந்தேகம்தான்.

அவகிட்ட நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா உஷாராயிடுவான்னு நினைச்சேன். மதம் மாறிட்டாளா, மாத்திட்டாங்களா, இவ பாட்டுக்கு இங்க விளக்கேத்திகினு அங்க போய் பாட்டு பாடறாளான்னு ஒவ்வொண்ணா கவனிச்சேன். வெள்ளிக்கிழமை விளக்கு வச்சா, மார்கழி பொறந்ததும் கோலம் போட்டா, பொட்டும் அப்படியேதான் இருந்துச்சு. எல்லாம் ஒழுங்கா இருக்கஇருக்க எனக்கு சந்தேகம் கூடிச்சே தவிர குறையல, நம்ம கண்ணுக்காகப் பண்றான்னு தோணிச்சு. சாயந்தரத்துல அவ போன்ல யார் யார் கூப்பிட்டாங்கன்னு பாக்கற பழக்கம் எனக்கு நீ போனதுல இருந்து உண்டு, அதுவும் பாத்தேன், உன் நம்பரு இல்ல, சர்ச்சு நம்பரும் இல்ல.

முனிசாமி பொண்ணு ஹரிதா இருக்குதே, இப்ப நாயுடுபேட்டைல கம்பெனி வேலைக்குப் போவுது, லீவுல வந்தப்ப அதுகிட்ட குடுத்து என் போன்லயும் அந்த பேஸ்புக்கை ஏத்திகினேன். அப்புறம் அந்த சர்ச்சுக்காரங்க போடறது ஒண்ணு விடாம படிச்சேன். எந்தத் தெருவுக்கு எந்த தேதி கேரல்ஸ் பாட வராங்க, என்னிக்கு சுத்தம் பண்றாங்க, ஸ்டார் கட்ட யார் வரணும், எல்லாம் தெலுங்குல. தூரத்துல இருக்கறவங்க லைவ்ல பாருங்க, உங்க பேரை எழுதுங்க, ஜெபத்துல சொல்றோம்னு ஒண்ணு போட்டிருந்தாங்க. அந்த தூரத்துல இருக்கறவங்க யாருன்னு எனக்கு மண்டைக்குள்ள குடைஞ்சுகினே இருந்துச்சு.

பதினாலாம் தேதி ஞாயிறு, தறியை நிறுத்திட்டு போனை வச்சுகினு உக்காந்தேன். ஆராதனை நடக்குது, உங்கம்மா அதே மூணாவது வரிசை, பாதி மூஞ்சியைத் தூண் மறைக்குது. கீழ பேரு பேரா மேல ஏறிகினே போவுது, அதுல உன் பேரு வந்துச்சு. இங்கிலீஷ் எழுத்துல தமிழை எழுதியிருந்த, எனக்குக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள போயிடுச்சு, ஹரிதாதான் திருப்பிக் கொண்டாந்து படிச்சுக் காட்டிச்சு. அம்மா கொஞ்சம் வலது பக்கம் நகந்து உக்காரு, தூண் மறைக்குதுன்னு எழுதியிருந்த. நான் பாத்துகினே இருக்கேன், போன் புடிச்சிருந்த பாஸ்டர் பொண்ணு பிரீத்தி குரல் மட்டும் கேட்டுச்சு, முன்னாடி இருந்த ஒரு அம்மாகிட்ட சொல்லிச்சு, அந்தம்மா உங்கம்மா காதுல சொன்னாங்க, உங்கம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு நகந்து உக்காந்து நேரா என்னைப் பாத்தா. என்னை இல்ல, உன்னை. அவ சிரிச்சா, கீர்த்தி. இந்த வீட்டுல நான் அதைப் பாத்து எவ்ளோ நாளாச்சுன்னு அப்பத்தான் யோசிச்சேன்.

இப்ப எல்லாம் புரிஞ்சுகினு மனசு எளகி இருப்பேன்னு நினைக்காத, எனக்குக் கோவம்தான் வந்துச்சு. நீ கல்யாணம் பண்ணிகினு போனப்ப உன்கூட பேசமாட்டேன்னு அவளை என் தலைமேல கை வைக்க வச்சு சத்தியம் வாங்கினவன் நான். அதை ஊருக்கே தெரியற மாதிரி ஏமாத்தறாளேன்னு, கையும் களவுமா புடிக்கணும்னு முடிவு பண்ணேன். கிறிஸ்மஸ் அன்னிக்கு அவ போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ல நானும் போனேன். உள்ள போகல, பின்னாடி கதவுகிட்ட நின்னேன். சர்ச்சு நெறைய ஜனம், கேக்கு வாசனை, ஒரு கெழவர் உள்ள வாங்கன்னு கையைப் புடிச்சாரு, நான் வேண்டாம்னுட்டேன். உங்கம்மா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அந்தப் போனையே பாத்துகினு இருந்தா. பிரீத்தியும் திரையைப் பாத்து பாத்து இல்லன்னு தலையாட்டிச்சு. எல்லாரும் எழுந்து ஒருத்தருக்கொருத்தர் கை குடுத்துக்கறப்ப கூட அவ எழுந்துக்கல. நீ எழுதல.

அவளுக்கு முன்னாடியே வீடு வந்து சேந்துட்டேன். அவ வந்து சமைச்சு எனக்குப் போட்டுட்டு தான் துன்னாம எழுந்தா. அப்பத்தான் கேட்டேன், இத்தினி நாளா எனக்குத் தெரியாம அவகூட பேசிகினு இருக்கறயான்னு. அவ பயப்படல, அழவும் இல்ல.

"நான் சத்தியத்தை மீறல. அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. அவ பாக்கற மாதிரி உக்காந்திருந்தேன், அவ்ளோதான்" அப்படின்னா.

நேத்து ஞாயித்துக்கிழமை அவ கிளம்பவே இல்ல. போகலையான்னு கேட்டேன், எதுக்குன்னு கேட்டா. அப்ப எனக்கு வேற சந்தேகம் புடிச்சுகிச்சு. உனக்கு உடம்பு சரியில்லையோ, ஆஸ்பத்திரில இருக்கறயோ, உன் வீட்டுக்காரர் போனைப் புடுங்கி வச்சுகினாரோ, அந்த ஊர்ல என்ன நடந்தாலும் நமக்கு யார் சொல்லப்போறாங்கன்னு. மோட்டார் பாக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டு வடமாலபேட்டைக்குப் போனேன். நாளைக்கு வைகுண்ட ஏகாதசி, பஸ்ல திருப்பதி போற கூட்டம், நின்னுகினே போய் சேந்தேன். பிரீத்தியைத் தேடிப் புடிச்சு கீர்த்தி அட்ரஸ் வேணும், நம்பரு வேணும்னு கேட்டேன். அந்தப் பொண்ணு என்னை மேலயும் கீழயும் பாத்து எதுக்குன்னு கேட்டுச்சு. நான் அவ நைனான்னேன். தெரியும் அங்கிள், அதான் கேக்கறேன்னுச்சு. அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாம நின்னோம். அப்புறம்தான் சொல்லிச்சு.

"கிறிஸ்மஸ் அன்னிக்கு அவங்க பாத்துகினுதான் இருந்தாங்க அங்கிள். கதவுகிட்ட உங்களைப் பாத்துட்டாங்க. அம்மாவுக்கு வீட்டுல கஷ்டம் வரும்னு எழுதாம இருந்துட்டாங்க, இனிமேலும் எழுதமாட்டேன்னு சொல்லியிருக்காங்க."

நான் ஒளிஞ்சு நின்னு உங்கம்மாவைப் புடிக்கப் போனா, நீ அங்க இருந்து என்னைப் புடிச்சுட்ட. என்னைப் பாத்து பயந்து பண்டிகை நாள்ல வாயை மூடிகின. உன் நம்பரைக் குடுக்கறதுக்கு அந்தப் பொண்ணு ஒத்துக்கல, நீ சொன்னாத்தான் குடுப்பேன்னுச்சு. அதுவும் சரிதான், நானா இருந்தாலும் குடுத்திருக்கமாட்டேன். லெட்டர் எழுதிக் குடுத்தா போட்டோ எடுத்து மெசேஜ்ல அனுப்பறேன், படிக்கமாட்டேன்னு சொல்லியிருக்குது. படிக்கும்னுதான் நினைக்கறேன். பிரீத்தி, நீ படிச்சாலும் பரவால்லம்மா, ஒரு பக்கத்தையும் விடாம அனுப்பு.

கீர்த்தி, உன்னை ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பினதாலதான் நீ அவரைப் பாத்து இப்படி ஆச்சுன்னு மூணு வருஷமா அந்தக் கம்பெனி பஸ்ஸைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், கடைசில உங்கம்மாவையும் திட்டினேன். அந்த சர்ச்சு விஷயம் எனக்கு இன்னும் ஒப்பல, பொய் சொல்லமாட்டேன், அந்தப் பாட்டும் ஜெபமும் என் மனசுக்கு ஒட்டாது. உன் வீட்டுக்காரர் நல்லா பாத்துக்கறாருன்னு பிரீத்தி சொல்லுது, லீவு நாள்ல அவரே சமைக்கறாராம், அதை எப்படி நம்பறதுன்னு தெரியல, நீ எழுதினா நம்பறேன். நீ இளைச்சிருக்கறயா குண்டாயிருக்கறயான்னு கூட எனக்குத் தெரியாது, உங்கம்மாவை நீ பாத்த, நாங்க உன்னைப் பாக்கலையே. வேளாவேளைக்குத் துன்னு. வெயில்ல அலையாத. ஏசிக்குள்ள இருந்து சட்டுன்னு வெளிய போகாத, உனக்குத் தலைவலி வரும்.

உங்கம்மாகிட்ட வாங்கின சத்தியத்தை இன்னிக்கு சாயந்தரம் திருப்பிக் குடுத்துடறேன். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல, புது மோட்டார் பத்திப் பேசற மாதிரி ஆரம்பிப்பேன்னு நினைக்கறேன். என் தலைக்கு ஒண்ணும் ஆகாது, நீ கவலைப்படாத.

நீயும் உன் வீட்டுக்காரர் சுரேஷ்பாபுவும் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும். நான் கும்பிடற பெருமாளும் நீ கும்பிடற சாமியும் உங்களைப் பாத்துக்கட்டும்.

மறக்காத. புதுவருஷம் வியாழக்கிழமை காலைல ஒன்பதரைக்கு ஆராதனை லைவ் இருக்குது, உங்க ஊருக்கு ஏழு மணின்னு ஹரிதா கணக்குப் போட்டு சொல்லிச்சு. உங்கம்மாவை நானே இட்டுகினு வரேன், உள்ள வந்து உக்காருவேன். ஒரு வரி எழுது. எங்க மூணு பேருக்கு மட்டும் தெரியற மாதிரி வேணாம், எல்லாரும் பாக்கற இடத்துலயே நைனான்னு எழுது. முனிசாமியும் படிக்கட்டும்.

இப்படிக்கு
உன் நைனா
திருமலை