வாரம் ஒரு கலர் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

பரிசோதனைக் கூடத்தில் இன்று பதினெட்டுத் தண்ணீர் மாதிரிகள், ஒவ்வொன்றின் லேபிளையும் படித்துச் சோதித்தேன். எல்லாம் குடிக்கத் தக்கவை.

மாலையில் பிரிண்டர் கடைக்குப் போனேன். விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் மகள் என்னிடம் வருவாள். பதினோரு வயது. போன முறை என் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குப்பா. இனிமே வெளியிலயே பாத்துக்கலாமா?" என்றாள். வெளியில் என்றால் இரண்டு மணி நேரம். வீடு என்றால் நாள் முழுவதும். அதனால் சுவருக்குப் போட்டோக்கள் வேண்டும்.

கடைக்காரர் கேட்டார்: "எவ்ளோ அடிக்கடி அடிப்பீங்க சார்?"

மாதம் இரண்டு முறை என்றேன்.

"அப்ப லேசர்தான். இங்க்ஜெட் சும்மா கிடந்தா அடைச்சுக்கும்."

மார்ச் 4, புதன்

ஒரே போட்டோவைக் கடையில் இரண்டிலும் அடித்துப் பார்த்தேன்.

இங்க்ஜெட்டில் தோலின் நிறம் தோலாகவே இருக்கிறது. கன்னத்தில் வெளிச்சம் மெல்ல நிழலாகிறது. ஆனால் ஈர விரல் பட்டால் கலங்கும், வெயிலில் மங்கும், வாரக்கணக்கில் அடிக்காமல் விட்டால் மை காய்ந்து அடைக்கும். லேசரில் தூள்மையைச் சூட்டில் உருக்கி ஒட்டுகிறார்கள். எழுத்து கத்தி போல் இருக்கிறது, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, ஆறு மாதம் தொடாவிட்டாலும் வேலை செய்யும். முகம் மட்டும் கொஞ்சம் பளபளவென்று, பெயின்ட் அடித்த மாதிரி.

மாதம் இரண்டு முறை பார்க்கிற ஆளுக்கு லேசர். கணக்கு சரிதான்.

மார்ச் 8, ஞாயிறு

லேசர் வந்தாயிற்று. ஆறு படங்கள் ஒட்டியிருந்தேன். மகள் ஒன்றின் முன்னால் நின்று, "யாருப்பா இந்த மெழுகு பொம்மை?" என்று கேட்டாள். அவள்தான் அது. இருந்தாலும் ஆறு மணி வரை இருந்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினதாம், ஒரு பாக்கெட் போட்டோ பேப்பர் கொண்டுவந்தாள். இருபது தாள், வழவழவென்று. "இதுல அடிச்சா நல்லா வரும்ப்பா."

முதல் தாள் உள்ளே போனது, வெளியே வரவில்லை. பிளாஸ்டிக் கருகுகிற வாடை. மூடியைத் திறந்தால் தாள் உருகி உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது.

பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'இங்க்ஜெட்டுக்கு மட்டும்' என்று இருந்தது. அதை அவளிடம் காட்டி, "வாங்கும்போது படிச்சிருக்கலாமே" என்றேன்.

அவள் பால்கனிக்குப் போய் அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டாள்.

மார்ச் 23, திங்கள்

பாக்கெட்டைப் பிரிச்சது யாரு? நான். மெஷின்ல வெச்சது யாரு? நான். லேபிள் படிக்கிறதுக்கே சம்பளம் வாங்கறவன் யாரு? அதுவும் நான்தான். அப்புறம் குழந்தைகிட்ட என்ன நீட்டி மொழக்கறது — இனி வருவாளா?

மார்ச் 26, வியாழன்

மெக்கானிக் வந்தார். உருளை போய்விட்டது. "இந்தப் பேப்பர் மேல ஒரு பூச்சு இருக்கு சார். லேசர் உள்ள கொதிக்கிற சூடு. உருகாம என்ன செய்யும்?" என்றவர், "சாருக்கு எங்க வேலை?" என்று கேட்டார். சொல்லவில்லை.

மார்ச் 28, சனி

இங்க்ஜெட் வாங்கினேன். என் கணக்குப்படி தவறான முடிவு. ஆனால் பத்தொன்பது தாள் மிச்சம் இருக்கிறதே.

மகள் போனை எடுக்கவில்லை. அவள் அம்மா எடுத்து, "அவ பேச மாட்டேங்கறா. எழுதி அனுப்புங்க" என்றாள்.

அனுப்பினேன்: தப்பு என்னுது. உன் பேப்பர்ல ஒண்ணு அடிச்சேன். உன் கன்னம் உன் கன்னமாவே இருக்கு. வாரம் ஒரு கலர் பக்கமாவது அடிக்கலேன்னா இந்த மெஷின் அடைச்சுக்குமாம். என்ன அடிக்கட்டும்?



ஏப்ரல் 1, புதன்

பதில் வந்தது. பதில் என்றால், ஒரு போட்டோ. அவள் புத்தகப்பையின் அறுந்த ஜிப். ஒரு வார்த்தை இல்லை. அடித்து ஒட்டினேன்.

ஏப்ரல் 8, புதன்

வாளியில் தலைவிட்ட பூனை. அடித்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வெளியில்தான். ஜூஸ் கடை. ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டே கேட்டாள்:

"அடிச்சீங்களா?"

"அடிச்சேன்."

"காட்டுங்க."

"வீட்டுல சுவத்துல இருக்கு."

ஜூஸ் பாதிதான் காலியாகியிருந்தது. "சரி, வாங்க" என்று எழுந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏப்ரல் 15, புதன்

அவளுடைய இடது கால். ஏனென்று கேட்கவில்லை.

ஏப்ரல் 22, புதன்

வரவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்றும் இல்லை. மெஷினைத் தொடவில்லை. எதை அடிப்பது?

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையிலேயே வந்தாள். பரீட்சையாம், அதனால்தான் அனுப்பவில்லையாம். நான் என்னென்னவோ நினைத்துத் தொலைத்திருந்தேன்.

நீலம் வரவில்லை, அடைத்துக்கொண்டிருந்தது. டார்ச்சும் கையுமாக அரைமணி நேரம் குனிந்து கிடந்தேன்.

"நான் அனுப்பலேன்னா நீங்களே எதையாவது அடிக்க வேண்டியதுதானேப்பா?"

"உன் பேப்பராச்சே."

மூன்றாம் முறை சுத்தம் செய்ததும் நீலம் வந்தது. மதியம் இருவரும் சேர்ந்து அவள் பரீட்சை எழுதிய பேனாவைப் படம் எடுத்து அடித்தோம்.

ஏப்ரல் 29, புதன்

மறுபடி பூனை. இந்த முறை வாளி இல்லை.

மே 6, புதன்

இன்றைய போட்டோ: ஒரு ஆள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பிரிண்டருக்குள் தலையை விட்டிருக்கிறான், முதுகுப் பக்கமிருந்து. உச்சியில் கைக்குட்டை அளவு வழுக்கை. இங்க்ஜெட் தோலின் நிறத்தைச் சரியாகக் காட்டும் என்று மார்ச் நான்காம் தேதி எழுதியிருக்கிறேன். வழுக்கை விஷயத்தில் அதை இன்று உறுதிசெய்கிறேன்.

முதல் முறையாகப் படத்தோடு வார்த்தையும் வந்தது: "ரெண்டு காப்பி. ஒண்ணு இங்க என் மேஜைக்கு."

ஜன்னல் ஓரத்து மேஜை. எனக்குத் தெரியும், நான்தான் அங்கே போட்டேன். எழுதினேன்: அங்க வெயில் வரும்மா. இந்த மை மங்கிடும். லேசர்னா நிக்கும்.

"மங்கினா திரும்ப அடிச்சுக் குடுங்க."

இரண்டும் காய்கின்றன. பாக்கெட்டில் பதினோரு தாள் மிச்சம். இருந்தாலும் நாளை வேலை முடிந்து இன்னொரு பாக்கெட் வாங்க வேண்டும், பின்பக்கத்தைப் படித்துவிட்டு.