இல்லாத காமாலைக்குப் பத்தியம்

11 செப்டம்பர், வியாழன்

ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்தது பத்தரைக்கு. நடுவில் நாலரை மணி நேரம் என்ன செய்தேன்? மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பல் துலக்க வேண்டும் என்று நினைப்பதற்கே களைப்பாக இருந்தது.

நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டிய நாள். பதினெட்டு நாள் நாற்று. பக்கத்து வயல் ஐயாவு அண்ணன் தன் மடையைத் திறந்தபோது எனக்கும் சேர்த்துத் திறந்துவிட்டாராம்.

காரணம் ஒன்றும் இல்லை. அதுதான் வெட்கமாக இருக்கிறது. போன சம்பா நன்றாகவே விளைந்தது. வீட்டில் சண்டை இல்லை. யாரும் சாகவில்லை. பிறகு எனக்கு என்ன கேடு?

13 செப்டம்பர்

குந்தவை என்னை இழுக்காத குறையாகத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா வரிசையாகக் கேட்டார். சாப்பாடு ருசிக்கிறதா? கடைசியாக எப்போது சிரித்தீர்கள்? செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா?

“செய்யணும்னு தோணல. காலையில கண்ணு முழிக்காமப் போயிட்டா நல்லாருக்கும்னு தோணும்” என்றேன்.

குந்தவை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் வெளியிடத்தில் அவள் என் கையைப் பிடித்தது இதுவே முதல் தடவை.

“இது சோம்பேறித்தனம் இல்ல, மனச்சோர்வு. இதுவும் ஒரு வியாதிதான். மருந்து வேலை செய்ய மூணு வாரமாவது ஆகும். நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க” என்றார் டாக்டரம்மா. வியாதி என்ற சொல்லைக் கேட்டு இவ்வளவு நிம்மதி அடைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

14 செப்டம்பர்

ஐயாவு அண்ணன் வாசலில் நின்று, “தியாகராசனுக்கு என்ன?” என்று என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். குந்தவை யோசிக்காமல் “மஞ்சக்காமாலைங்கண்ணே” என்று சொல்லிவிட்டாள்.

உள்ளே வந்து அழுதாள். “பைத்தியம்னு பேசுவாங்கங்க. எனக்கு வேற எதுவும் வாயில வரல.”

15 செப்டம்பர்

விடிந்ததும் ஒரு கட்டு கீழாநெல்லியோடு ஐயாவு அண்ணன். அரைத்து, மோரில் கலக்கி, நான் குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. கசப்பு.

18 செப்டம்பர்

தினமும் வருகிறார். இன்று என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “மஞ்ச கொறைஞ்சிருக்கு தம்பி” என்றார். இல்லாத மஞ்சள் எப்படிக் குறையும்? சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

20 செப்டம்பர்

குளித்தேன்.

22 செப்டம்பர்

காமாலை என்று சொன்ன பிறகு பத்தியத்திலிருந்து எப்படித் தப்புவது? தெருவிலிருந்து யாராவது வந்து சட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். அதனால் உப்பில்லை, புளியில்லை, எண்ணெயில்லை. எனக்கு எதுவும் ருசிப்பதில்லை, ஆகையால் நஷ்டமில்லை. ஆனால் குந்தவையும் அதே உப்பில்லாக் கஞ்சியைக் குடிக்கிறாள்.

“நீ ஏன்டி?”

“நீங்க இப்படிக் குடிக்கிறப்ப நான் மட்டும் உப்புப் போட்டுக்கிட்டா தொண்டையில எறங்கல.”

25 செப்டம்பர்

முடியல. மாத்திரை போட்டும் முடியல. நாத்துக்கு முப்பத்திரண்டு நாள் ஆச்சு, முத்திப் போவுது. எழுந்து போய் நாலு பேரை நடவுக்குக் கூப்பிடத் துப்பில்லை. நானெல்லாம் எதுக்கு — வேண்டாம். இதை எழுதக் கூடாது. குந்தவையைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

சொன்னேன். பக்கத்திலேயே வந்து படுத்துக்கொண்டாள்.

27 செப்டம்பர்

என் நடவு முடிந்துவிட்டது. ஐயாவு அண்ணன் ஆள் சேர்த்து நட்டு முடித்துவிட்டார். முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றார். கையில் மறுபடியும் கீழாநெல்லி. வரப்பு வரப்பாகக் குனிந்து பறித்திருப்பார். அறுபத்திரண்டு வயது முதுகு.

“அண்ணே, எனக்குக் காமாலை இல்ல. மனசு சரியில்ல. அதுக்குத்தான் தஞ்சாவூர்ல மருந்து.”

குந்தவை அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

“அப்ப பன்னெண்டு நாளா நான் பறிச்சதெல்லாம்?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொண்டுவந்த தழையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

28 செப்டம்பர்

வரவில்லை.

29 செப்டம்பர்

இன்றும் வரவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ? குந்தவை என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாசலை இரண்டு தடவை பார்த்தாள்.

30 செப்டம்பர்

வந்தார். வெறுங்கையோடு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“காமாலைன்னா தழைய பறிச்சாந்துடலாம். இதுக்கு என்னத்தக் கொண்டாரது? ரெண்டு நாளா அதான் யோசனை.”

“ஒண்ணும் வேணாம்ண்ணே. சும்மா வந்து ஒக்காருங்க. அது போதும்.”

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்கே தெரியும். ஒரு வார்த்தை பேசவில்லை.

4 அக்டோபர்

புளிக்குழம்பு. ருசித்தது! உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்னேன். குந்தவை கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் சாப்பாட்டில் குறை சொல்லி மூன்று மாதம் ஆகிறதாம்.

9 அக்டோபர்

மறுபடியும் படுக்கை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தது என் தப்பு. ஐயாவு அண்ணன் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னைக்கி முடியலண்ணே.”

“முடியாட்டிப் போவுது. நாளைக்கும் வர்றேன்.”

11 அக்டோபர்

தஞ்சாவூர். இப்படி ஏறி இறங்கித்தான் போகும் என்கிறார் டாக்டரம்மா. மாத்திரையைத் தொடர வேண்டும். தினம் கொஞ்சம் நடக்க வேண்டும். தெரு முனை வரை நடந்தேன்.

17 அக்டோபர்

ராத்திரி நல்ல மழை. நடவுப் பயிர் மூழ்கிவிடுமே என்று பதறி எழுந்துவிட்டேன். பதற்றம்கூட வந்து எத்தனை நாளாயிற்று! மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், வடிகாலை வெட்டிவிட்டு, தண்ணீர் வடியும்வரை வரப்பிலேயே நின்றேன்.

திரும்பி வரும்போது காலை ஒன்பது மணி. ஐயாவு அண்ணன் என் வீட்டு நாற்காலியில். பார்த்ததும் எகிறினார்.

“நீ இல்லாத வூட்டுல முக்கா மணி நேரமா ஒக்காந்திருக்கேன். எங்கடா போன?”

“வயலுக்குண்ணே.”

என் சேற்றுக்காலைப் பார்த்தார். பிறகு இன்னும் உரக்க, “அது இருக்கட்டும். மனசுக்கு மாத்திரை குடுத்தாங்களே, அதப் போட்டியா?” என்றார். தெருவில் நாலு வீட்டுக்காவது கேட்டிருக்கும்.

குந்தவை தண்ணீர்ச் செம்போடு வாசலுக்கே வந்தாள். அங்கேயே நின்று போட்டுக்கொண்டேன்.